காய்கறிப் பாத்தியில் மரச்சில்லு மூடாக்கு

கேள்வி: காற்றில் விழுந்த தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகளைச் சில்லுகளாக அரைத்து நான்கு மூட்டை கொடுத்தார்கள். கத்தரி, தக்காளிப் பாத்திகளில் மூடாக்காகப் போடலாமா? மரம் மண்ணின் சத்தை இழுத்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: தாராளமாகப் போடுங்கள். அந்தப் பயம், சில்லை மண்ணோடு கொத்திக் கலப்பவர்களுக்குத்தான். மரத்தில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் பற்றாக்குறையை மண்ணிலிருந்து ஈடுகட்டிக்கொள்ளும், செடி வெளிறிப்போகும். மேலே பரப்பினால் இந்த இழுபறி, சில்லு மண்ணைத் தொடும் மேலடுக்கோடு நின்றுவிடும். கத்தரி வேர் அதற்குக் கீழே போய்விடும்.

நாற்று ஒரு சாண் வளர்ந்தபின், களை பிடுங்கி, நன்றாகத் தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விடுங்கள். ஈரச் சில்லு ஒட்டிக்கிடந்தால் தண்டு அழுகும். சொட்டுநீர்க் குழாய் சில்லுக்கு அடியில் இருக்கட்டும். சித்திரை வெயிலில் கையை உள்ளே விட்டுப் பாருங்கள், அடிமண் குளிர்ந்திருக்கும்.

விதை தூவும் கீரைப் பாத்திக்கு இது ஆகாது. முளை மேலே வராது. பொடி மரத்தூளும் வேண்டாம், இறுகித் தண்ணீரைத் தடுக்கும். பிளைவுட், பெயின்ட் அடித்த பலகைக் கழிவு காய்கறிப் பக்கமே வரக்கூடாது. கறையான் நடமாட்டம் உள்ள தோட்டமென்றால், வாரம் ஒருமுறை சில்லைக் கிளறிவிடுங்கள்.