இரைப்பு நோய் சிகிச்சையும் ஊராட்சியின் கடமையும்

இரைப்பு, இழுப்பு, ஆஸ்துமா என்று பல பெயர்களால் வழங்கும் நோயால் அவதியுறுவோர் இல்லாத கிராமம் இராது. நெல் தூற்றும் களத்திலும், விறகடுப்பின் முன்னும், மார்கழிப் பனியிலும் அவர்களை நாம் காண்கிறோம். 2019-ஆம் ஆண்டில் உலகில் 26 கோடியே 20 இலட்சம் பேருக்கு இந்நோய் இருந்ததாகவும், 4 இலட்சத்து 55 ஆயிரம் பேர் இதனால் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இறந்தோருள் பெரும்பாலோர் நம்முடையதைப் போன்ற வருமானம் குறைந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள். இவை மருந்து இல்லாமையால் நேர்ந்த மரணங்கள் அல்ல. மூச்சுக்குழலை விரிக்கும் சால்புடமால் 1969-லும், குழலின் வீக்கத்தைத் தணிக்கும் பெக்லோமெதசோன் இன்ஹேலர் 1972-லும் வழக்கிற்கு வந்துவிட்டன. அரை நூற்றாண்டு கடந்தும் அவை களத்துமேடு வரை வந்து சேரவில்லை என்பதே குறை.

சென்ற அறுவடையின்போது ஓர் ஊரில் சாலைப் பணியைப் பார்வையிடச் சென்றோம். வரப்பில் குந்தி, தோள்கள் ஏறி இறங்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு மாதரசியைக் கண்டோம். வயது நாற்பதுக்குள் இருக்கும். "ஊசி போட்டா நாலு நாளைக்குத் தாங்குங்க ஐயா" என்றார். டவுனுக்குப் போய்வரும் செலவும், போகும் நாளின் கூலியும் சேர, மாதந்தோறும் ஒரு தொகை இதற்கே கரைந்துவந்தது. இன்ஹேலர் உபயோகிப்பதுண்டா என்று வினவினோம். "பழகினா விட முடியாதாம். பொண்ணுக்கு வரன் பாக்கிற நேரம், வீட்ல அது இருக்குன்னு தெரிஞ்சா யார் வருவாங்க?" என்று திருப்பிக் கேட்டார்.

இவ்வச்சத்திற்கு ஆதாரமில்லை. இன்ஹேலர் மருந்தினால் அடிமைத்தனம் உண்டாவதில்லை. ஒரு கணக்கைப் பார்ப்போம். சால்புடமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து உள்ளது. இன்ஹேலரை ஒரு முறை அழுத்தினால் வெளிவருவது 100 மைக்ரோகிராம். அதாவது மாத்திரையில் நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை வயிற்றில் கரைந்து உடலெங்கும் சுற்றிய பிறகே நெஞ்சை அடைகிறது; கைநடுக்கமும் படபடப்பும் அதனால் வருபவை. இன்ஹேலர் மருந்தோ நேரே மூச்சுக்குழலைச் சேர்கிறது.

இனி, இன்ஹேலர்களிலும் இருவகை உண்டு. இவ்வேற்றுமை அறியாமையே பல உயிர்களைக் கொள்ளை கொள்கிறது. வாய்க்காலில் அடைத்த குப்பையைத் தள்ளிவிட்டால் அன்றைக்குத் தண்ணீர் பாயும். உள்ளே சேறு படிந்துகொண்டே இருந்தால் என்றேனும் ஒருநாள் முற்றும் தூர்ந்துபோகும். சால்புடமால், குப்பையைத் தள்ளும் வேலையைச் செய்வது. சேற்றை வாருவது, புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர். அதை மருத்துவர் சொன்னபடி, மூச்சு நன்றாக இருக்கும் நாளிலும் விடாமல் எடுத்தல் வேண்டும். சால்புடமாலை மட்டுமே நம்பியிருக்கும் சிகிச்சை வளர்ந்தோருக்கு ஆகாது என்று 2019-ல் உலக ஆஸ்துமா வல்லுநர் குழு அறிவித்துவிட்டது. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டா. அடிக்கடி விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரைதான் எலும்பையும் கண்ணையும் கெடுத்துச் சர்க்கரையை ஏற்றுவது. இன்ஹேலரில் அளவு மிகச் சொற்பம்; எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண்ணும் வராது.

மருந்தை அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒரே கணத்தில் நிகழ வேண்டும். குழந்தைகளுக்கு இது கைவராது. இதற்கென விற்கும் ஸ்பேசர் என்னும் குடுவையை வாங்க இயலாத வீட்டிற்கு ஓர் உபாயம் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் மருத்துவர்கள், 500 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலைக் கொண்டு இக்குடுவையைச் செய்து குழந்தைகளிடம் சோதித்தனர். கடையில் விற்பதற்கு ஈடாக அது பயன்பட்டதை 1999-ல் வெளியிட்டனர். பாட்டிலின் அடியில், சூடேற்றிய கம்பியால் இன்ஹேலரின் வாய் இறுக்கமாகப் பொருந்துமளவு துளையிட வேண்டும். காற்று கசியலாகாது. பாட்டிலின் கழுத்தைக் குழந்தை வாயில் கவ்விக்கொள்ள, ஒரு முறை அழுத்தி, நிதானமாகச் சில மூச்சுகள் இழுக்கவிட வேண்டும். புதுப் பாட்டிலை முன்னதாகச் சோப்பு நீரில் கழுவி, துடைக்காமல் காயவைத்தால் மருந்து சுவரில் ஒட்டுவது குறையும். கைக்குழந்தைக்கு இது போதாது, முகமூடி தேவை.

பேச்சு ஒரு வாக்கியம் முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் 108-ஐ அழைத்தல் வேண்டும்.

முற்கூறிய மாதரசி நம் பேச்சைக் கேட்டு ஆரம்ப சுகாதார நிலையம் சென்றார். ஒரு மாதம் இரவில் உறங்கினார். மறுமாதம் மருந்து வரவில்லை என்று வெறுங்கையுடன் திருப்பி அனுப்பப்பட்டார். மீண்டும் ஊசிக்கே போனார். அவரைக் குறை கூற நமக்கு நா எழவில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்த்தது. இரைப்பும் அவற்றைப் போலவே நாள்தோறும் மருந்து கோரும் நோய். ஊரில் இந்நோயுள்ளோர் எத்தனை பேர், மாதம் எத்தனை இன்ஹேலர் தேவை என்ற கணக்கை உறுப்பினர்கள் வார்டு வாரியாக எடுத்து, நிலைய மருத்துவரிடம் எழுத்து மூலம் கொடுக்கலாம். கணக்கில்லாத தேவைக்கு இருப்பு வைப்பார் யார்?

மே 1-ஆம் தேதி கிராம சபை கூடுகிறது. மே முதல் செவ்வாய்க்கிழமை உலக ஆஸ்துமா தினம். அச்சபையில் சாலை, குடிநீர் விவகாரங்களுக்கு முன்பாகவே கிராம சுகாதாரச் செவிலியருக்கு அரை மணி ஒதுக்கி, இன்ஹேலர் எடுக்கும் முறையைச் செய்துகாட்டச் சொல்லலாம். பின்னால் வைத்தால் கூட்டம் கலைந்துவிடும்; இது நமது அனுபவம். நோயுள்ளோர் தம் இன்ஹேலரையும், கழுவிக் காயவைத்த ஒரு பாட்டிலையும் உடன் கொண்டுவரட்டும்.