பனிச்சாலையில் பின்சக்கரக் கார்: மணல் மூட்டையா, டயரா?



என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இப்போது கனடாவின் ஒட்டாவா நகரில் மேற்படிப்புப் படிக்கிறார். அக்டோபர் மாதத்தில் அவர் ஒரு பழைய கார் வாங்கினார். விலை மலிவு. அது பின்சக்கர இயக்கக் கார் என்பதுதான் காரணம். வாங்கிய பிறகு ஆளுக்கு ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். “பனியில் இது ஓடாது, விற்றுவிடு” என்றார் ஒருவர். “பின்பெட்டியில் மணல் மூட்டை போட்டால் போதும்” என்றார் இன்னொருவர். “பின்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டும் பனிக்கால டயர் போடு” என்றார் மூன்றாமவர். “சார், நான்கு டயரும் வாங்குவது எனக்குப் பெரிய செலவு. எது சரி?” என்று எனக்கு எழுதியிருந்தார்.

ஒட்டாவாவில் சனவரி மாதச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய −10 டிகிரி செல்சியஸ். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கியூபெக் மாநிலத்தில், அங்கே பதிவு செய்த கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம். இக்கரையில் உள்ள ஒன்டாரியோ மாநிலத்தில் அது கட்டாயமில்லை. ஆகவே முடிவை மாணவரே எடுக்க வேண்டியிருந்தது. அவருக்கு நான் எழுதிய பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். இதற்கு நீங்கள் வகுப்பில் படிக்கும் உராய்வுப் பாடமே போதும்.

காரை நகர்த்துவது எது?

“எஞ்சின்” என்று உடனே சொல்வீர்கள். எஞ்சின் சக்கரத்தைச் சுழற்ற மட்டுமே செய்கிறது. சுழலும் டயர் சாலையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி சாலை டயரை முன்னோக்கித் தள்ளுகிறது. இந்தத் தள்ளுவிசை உராய்வு விசைதான். உராய்வு இல்லையென்றால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்.

உராய்வு விசைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு:

உராய்வு விசையின் உச்சம் = உராய்வுக் கெழு × சக்கரம் சாலையை அழுத்தும் விசை

காய்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு ஏறக்குறைய 0.8. இறுகிய பனியில் சாதாரண டயருக்கு 0.2, பனிக்கால டயருக்கு 0.3, வழவழப்பான பனிக்கட்டியில் 0.1 என்று நம் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பனியின் நிலையைப் பொறுத்து இவை மாறும்.

நம் சாலைகளில் அதிகம் காணும் மைவி, சாகா போன்றவை முன்சக்கர இயக்கக் கார்கள். எஞ்சினின் எடை இயங்கும் சக்கரங்களின் மேலேயே அமர்கிறது. பின்சக்கர இயக்கக் காரில் எஞ்சின் பெரும்பாலும் முன்னால் இருக்கும், இயங்கும் சக்கரங்கள் பின்னால் இருக்கும். அதனால் மொத்த எடையில் பாதி அல்லது அதற்கும் குறைவான பங்கே அந்தச் சக்கரங்களின் மேல் விழும். பனியில் இவ்வகைக் கார் கிளம்பத் திணறுவது இதனால்தான்.

ஏற்றத்தில் ஒரு கணக்கு

மாணவரின் காரின் நிறை 1,600 கிலோகிராம் என்று கொள்வோம். அதன் எடை 1,600 × 9.8 = 15,680 நியூட்டன். இதில் பாதி, அதாவது 7,840 நியூட்டன், பின்சக்கரங்களின் மேல் விழுகிறது.

10 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றத்தில் காரைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1,568 நியூட்டன்.

சாதாரண டயர்: 0.2 × 7,840 = 1,568 நியூட்டன்.
பனிக்கால டயர்: 0.3 × 7,840 = 2,352 நியூட்டன்.

சாதாரண டயரில் இரு விசைகளும் சமம். கார் ஏறாது. பனிக்கால டயரில் 784 நியூட்டன் மிச்சம் இருக்கிறது. மெதுவாகவேனும் கார் ஏறிவிடும்.

மணல் மூட்டை என்ன செய்யும்?

பின்சக்கர அச்சுக்கு நேர் மேலே 60 கிலோ மணல் வைப்போம். பின்சக்கரங்களின் அழுத்தம் 588 நியூட்டன் கூடும். சாதாரண டயரில் உராய்வு 0.2 × 588, அதாவது 118 நியூட்டன் கூடும். ஆனால் மணலையும் சேர்த்து ஏற்ற வேண்டும். அதற்கு 59 நியூட்டன் போய்விடும். நிகர இலாபம் 59 நியூட்டன் மட்டுமே.

பனிக்கால டயர் தந்த 784 நியூட்டனோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மணல் மூட்டை உதவும், ஆனால் டயருக்கு ஈடாகாது. மூட்டையை அச்சுக்கு வெகு பின்னால் வைத்தால் முன்சக்கரங்களின் மேலுள்ள எடை குறைந்து, காரைத் திருப்புவது கடினமாகும். கட்டி வைக்காவிட்டால், திடீரென பிரேக் போடும்போது நிலைமத்தின் காரணமாக மூட்டை முன்னோக்கிப் பாயும்.

டயரில் அப்படி என்ன இருக்கிறது?

கோடைகால டயரின் ரப்பர் கலவை வெப்பத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே அது விறைக்கத் தொடங்கும். விறைத்த ரப்பர் சாலையின் சின்னஞ்சிறு மேடுபள்ளங்களோடு ஒட்டி அமராது. பனிக்கால டயரில் சிலிக்காவும் இயற்கை ரப்பரும் கூடுதலாகச் சேர்ப்பார்கள். நம் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டி எடுத்த அதே ரப்பர்தான். இயற்கை ரப்பர் −70 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த பிறகே கண்ணாடி போல விறைக்கும். அதனால் ஒட்டாவாக் குளிரிலும் அது மிருதுவாக இருக்கிறது.

அடுத்தது டயரின் மேற்பரப்பு. ஆழமான பள்ளங்களுக்குள் பனி புகுந்து இறுகும். அந்தப் பனி சாலையிலுள்ள பனியைப் பற்றிக்கொள்ளும். பனி உருண்டை செய்யும்போது பனி பனியோடு ஒட்டுவது போல இது நடக்கிறது. ஒவ்வொரு ரப்பர் கட்டியிலும் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகளும் உண்டு. சாலையில் படும்போது அவை விரிந்து, கூடுதல் விளிம்புகளால் பனியைப் பற்றும். டயரின் பக்கச்சுவரில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதனுள் பனிப்பூவும் உள்ள சின்னம் இருந்தால், அந்த டயர் பனியில் சோதித்துத் தேறியது என்று பொருள்.

உயிர் காப்பது பிரேக்

இதுவரை காரைக் கிளப்புவது பற்றிப் பேசினோம். நிறுத்துவது அதைவிட முக்கியம். பிரேக் நான்கு சக்கரங்களிலும் வேலை செய்கிறது. எந்தச் சக்கரத்தை எஞ்சின் இயக்குகிறது என்பது அங்கே பெரிதல்ல. நான்கு சக்கர இயக்கக் கார் வேகமாகக் கிளம்பலாம், ஆனால் நிறுத்தும்போது அதற்குத் தனிச் சலுகை கிடையாது.

நிற்கும் தூரம் = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × உராய்வுக் கெழு × 9.8)

மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 13.9 மீட்டர். அதன் வர்க்கம் 193. பிரேக் பிடித்த பிறகு கார் ஓடும் தூரம்:

காய்ந்த சாலை: 12 மீட்டர்
பனி, பனிக்கால டயர்: 33 மீட்டர்
பனி, சாதாரண டயர்: 49 மீட்டர்
பனிக்கட்டி: 98 மீட்டர்

33 மீட்டர் தொலைவில் ஒரு குழந்தை சாலையைக் கடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பனிக்கால டயர் போட்ட கார் குழந்தையின் அருகில் வந்து நின்றுவிடும். சாதாரண டயர் போட்ட கார் அதே இடத்தில் எவ்வளவு வேகத்தில் போகும்? 193-இலிருந்து 2 × 0.2 × 9.8 × 33-ஐக் கழித்தால் ஏறக்குறைய 64. அதன் வர்க்கமூலம் 8. அதாவது வினாடிக்கு 8 மீட்டர், மணிக்கு 29 கிலோமீட்டர். மணல் மூட்டை இந்த எண்ணை மாற்றாது. சூத்திரத்தில் நிறை இல்லவே இல்லை, பார்த்தீர்களா?

ஏன் இரண்டு போதாது?

பின்சக்கரங்களுக்கு மட்டும் பனிக்கால டயர் போட்டால் கார் நன்றாகக் கிளம்பும். ஆனால் காரைத் திருப்புபவை முன்சக்கரங்கள். பிரேக் போடும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால் அதிக வேலை செய்பவையும் அவையே. அவை விறைத்த ரப்பரில் வழுக்கினால், திருப்பத்தில் கார் நேராகப் போய்விடும். முன்னால் மட்டும் போட்டால் பின்பக்கம் சுழன்று முன்னே வரப் பார்க்கும். ஆகவே நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும்.

ஓட்டும் முறை

டயரின் பிடிப்பை மாதச் செலவுப் பணம் போல எண்ணுங்கள். வேகம் கூட்டுவது, திருப்புவது, பிரேக் போடுவது எல்லாமே அந்த ஒரே பணத்திலிருந்து செலவாகின்றன. திருப்பத்தில் செல்லும்போது முடுக்கியை அழுத்தினால், பின்சக்கரங்களின் பிடிப்பு தீர்ந்து கார் வால் வீசும். எனவே திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். கைமுறை கியர் காரில் இரண்டாம் கியரில் கிளம்பினால் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை குறையும், வழுக்கலும் குறையும். திடீரெனக் கியரைக் குறைத்தாலும் பின்சக்கரம் வழுக்கும்.

பின்பக்கம் வழுக்கிவிட்டால், முடுக்கியிலிருந்து காலை எடுத்து, பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ அதே பக்கம் ஸ்டியரிங்கை அளவாகத் திருப்ப வேண்டும். கண் போக வேண்டிய வழியையே பார்க்க வேண்டும். ஏபிஎஸ் பிரேக் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், ஆனால் இல்லாத உராய்வை அதனால் உண்டாக்க முடியாது.

டயரின் காற்றையும் கவனிக்க வேண்டும். 25 டிகிரியில் 230 கிலோபாஸ்கல் நிரப்பிய டயர், −15 டிகிரியில் ஏறக்குறைய 185 கிலோபாஸ்கல்தான் காட்டும். காற்று கசியவில்லை. வளிமண்டல அழுத்தத்தையும் கெல்வின் வெப்பநிலையையும் சேர்த்து அழுத்த விதியைப் போட்டுப் பாருங்கள், விடை வரும்.

மாணவர் காரை விற்கவில்லை. டிசம்பரில் ஊருக்கு வரும் பயணத்தைத் தள்ளிப்போட்டு, அந்தப் பணத்தில் நான்கு டயரும் வாங்கினார். அவர் அம்மாவுக்கு வருத்தம்தான். 29 என்ற எண்ணை விளக்கிச் சொன்னதும் ஒப்புக்கொண்டாராம்.

நம் ஊரில் பனி இல்லை, ஆனால் மழை உண்டு. டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது மலேசியச் சட்டம். இன்று வீட்டுக் காரிலோ மோட்டார் சைக்கிளிலோ அதை அளந்து பாருங்கள்.

செய்து பாருங்கள்

1. ஒரு தட்டின் மேல் அழிப்பான் ஒன்றை வைத்து, தட்டின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். அழிப்பான் வழுக்கத் தொடங்கும் கோணத்தை அளவிடுங்கள். அக்கோணத்தின் டான் மதிப்பே உராய்வுக் கெழு. தட்டில் சோப்பு நீர் தடவி மீண்டும் செய்யுங்கள்.

2. ஒரு ரப்பர் வளையத்தையும், ஒரு துண்டு பிளாஸ்டிக் நீர்க்குழாயையும் உறைபெட்டியில் ஓரிரவு வையுங்கள். காலையில் இரண்டையும் வளைத்துப் பாருங்கள். எது விறைத்தது? ஏன்?

3. மாணவரின் கார் மணிக்கு 50-க்குப் பதில் 30 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், சாதாரண டயரோடு பனியில் எத்தனை மீட்டரில் நிற்கும்? 33 மீட்டருக்குள் நிற்குமா?