பச்சைச் சீருடையும் பதவி நாற்காலியும்

கேள்வி: படைத்தளபதிகள் ஓய்வுபெற்றதும் பெரிய நிறுவனங்களுக்குத் தலைவர்களாகிறார்கள். தலைமைப் பண்பைத் தருவது படைதானா?
– வாசகர், தேக்கா

பதில்: தளபதிகளை வைத்து இதை அளந்தால் தப்புக்கணக்காகிவிடும். 1971 முதல் சிங்கப்பூர்ப் படையின் வெளிநாட்டு உபகாரச் சம்பளம் கெட்டிக்கார மாணவர்களைப் பொறுக்கி எடுத்துவருகிறது. அவர்கள் பிற்பாடு மேலே வந்தால், பாராட்டு படைக்கா, பொறுக்கியெடுத்த கைக்கா? தற்காப்புப் படைத் தலைவராக இருந்த டெஸ்மண்ட் குவெக் 2012இல் எஸ்எம்ஆர்டி ரயில் நிறுவனத்துக்குத் தலைமையேற்றார். 2017 அக்டோபரில் பீஷான் அருகே சுரங்கப் பாதைக்குள் வெள்ளம் புகுந்தது. பம்புகளைப் பராமரிக்காமலே பதிவேட்டில் கையெழுத்திட்ட ஊழியர்கள் அகப்பட்டார்கள். அந்தப் பழக்கத்தைத் தலைவரின் நட்சத்திரங்களால் தடுக்க முடியவில்லை.

படையின் உண்மையான பாடம் கீழ்மட்டத்தில்தான் கிடைக்கிறது. 1967 முதல் நடப்பிலுள்ள தேசிய சேவையில், இருபது வயதுகூட நிரம்பாத சார்ஜன்ட் ஏழு பேர் கொண்ட பிரிவை நடத்துகிறார். “உத்தரவு போட்டால் கீழ்ப்படிவார்கள், அலுவலகத்தில் அது எடுபடுமா?” என்பார்கள். சேவை முடிந்த பின்னர் வருடத்துக்கு 40 நாள் வரை வரும் முகாமைப் பாருங்கள். வங்கி மேலாளர் சாதாரண வீரராக மூட்டை சுமக்க, அவரைவிட இளையவரான டெலிவரி ஓட்டுநர் அவருக்குப் பிரிவுத் தலைவராக இருக்கலாம். பதவி உயர்வோ போனஸோ காட்டி அங்கே வேலை வாங்க முடியாது. அதட்டினால் முணுமுணுப்புதான் மிஞ்சும். முதலில் தண்ணீர் யாருக்கு, ஓய்வு எப்போது என்று பார்த்துப் பார்த்துத்தான் ஆளைச் சேர்க்க வேண்டும். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் தோளிலிருந்த பட்டையைக் கேட்பதைவிட, இப்படி ஆளைச் சேர்த்த அனுபவத்தைக் கேட்கலாம்.