ஊரடங்கில் நின்றுபோன நடை

2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கில் நமது வியாபாரம் பட்ட பாட்டைப் பற்றிப் பேசாத வியாபாரி இல்லை. சரக்கு வராதது, லாரி வாடகை ஏறியது, பாக்கி நின்றுபோனது எல்லாம் கணக்கில் இருக்கிறது. நமது உடம்பு பட்ட பாட்டுக்குத்தான் யாரும் பேரேடு வைக்கவில்லை. அதைப் பற்றி நமது அனுபவத்தையும், படித்தும் கேட்டும் அறிந்ததையும் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

நாம் மதுரையில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறோம். 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது மளிகைக்கு விலக்கு இருந்தது. ஏப்ரல் 5 முதல் காலை 6 மணியிலிருந்து பகல் 1 மணி வரைதான் கடை என்றானது. அதற்கு முன் விடியற்காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டுத்தான் கடைக்கு வருவோம். கடைக்கும் குடோனுக்கும் நாளைக்குப் பத்து நடையாவது இருக்கும். இரவு ஒன்பதரைக்குத்தான் ஷட்டர் இறங்கும். ஊரடங்கில் தெப்பக்குளம் போவது நின்றது. கடையில் ஏழு மணி நேரமும் கல்லாவில் உட்கார்ந்து போனில் ஆர்டர் எடுத்தோம். ஒரு மணிக்கு வீடு. சாப்பாடு, தூக்கம், டி.வி.யில் எத்தனை பேருக்குத் தொற்று என்ற செய்தி. அதோடு பக்கத்தில் ஒரு தட்டு காரச்சேவு. ஜூன் 24 முதல் மதுரைக்குத் தனியாக முழு ஊரடங்கு வந்தபோது வாசல்படி தாண்டவே பயமாகிவிட்டது.

செப்டம்பரில் இரத்தப் பரிசோதனை செய்தோம். மூன்று மாதச் சராசரி சர்க்கரை 7.1 இருந்தது 9.3 ஆகியிருந்தது. டாக்டர் மருந்தைக் கூட்டி எழுதிவிட்டு, “என்ன அண்ணாச்சி, நடக்கிறதை விட்டுட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

நம்மை யோசிக்க வைத்தது தம்பியின் ரிப்போர்ட். அவருக்கும் சர்க்கரை உண்டு. ஒரே வீடு, ஒரே சமையல். அவருக்கு அளவு ஏறவே இல்லை. காரணம் தேடப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஊரடங்கு வந்ததும் லோடுமேன்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். பருப்பு லாரி வந்தால் தம்பியும் இரண்டு பையன்களும்தான் இறக்கினார்கள். வீட்டிலிருந்து கடைக்கு அவர் சைக்கிளில் வந்தார். நாம் மூத்தவர் என்ற மரியாதையில் நாற்காலியில் இருந்தோம். அந்த மரியாதைக்கு 2.2 விலை கொடுத்தோம்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. லண்டனில் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953லேயே இதை எழுதியிருக்கிறார். அங்கே இரட்டை மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுப்பார். இருவருக்கும் ஒரே கம்பெனிதான். ஆனாலும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. பின்னால் அவர்களது சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தபோது டிரைவர்களின் இடுப்புச் சுற்றளவு பெரிதாக இருந்ததாம். கல்லாவில் இருக்கும் முதலாளியையும் பொட்டலம் கட்டும் பையனையும் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்த்தால் நமக்கு லண்டன் வரை போக வேண்டிய அவசியமே இல்லை.

ஊரடங்கில் உலகமே இப்படித்தான் உட்கார்ந்தது. 187 நாடுகளில் நாலரை லட்சம் பேருடைய செல்போன் காலடிக் கணக்கை 2020இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். பெருந்தொற்று அறிவிப்பு வந்து 30 நாளில் சராசரி நடை 27 சதவீதம் குறைந்திருந்தது. கடும் ஊரடங்கு போட்ட இத்தாலியில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கட்டுப்பாடு தளர்வாக இருந்த சுவீடனில் 7 சதவீதம்தான். ஆகவே நடை நின்றதற்குச் சோம்பல் மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நடக்க இடமும் அனுமதியும் இல்லாதபோது மனிதன் உட்கார்ந்துதான் போவான்.

இடம் என்று சொல்லும்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நமது வீட்டின் மேல்தளத்தில் மூன்று குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு அறையும் சமையல்கட்டும். ஏப்ரல் மாதம் அதில் ஒரு அம்மா வந்து, மொட்டை மாடிச் சாவியைக் கேட்டார். அவர் கணவருக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம். தினம் நடக்கச் சொல்லியிருந்தார்கள். எல்லாரும் மேலே ஏறினால் தொற்று பரவும் என்று பயந்து நாம் சாவி தரவில்லை. திறந்த வெளியில், தள்ளித் தள்ளி நடந்தால் அடைத்த அறையைவிட ஆபத்து குறைவு என்பது அப்போது நமக்குத் தெரியாது. அவர் அந்தப் பத்தடி அறைக்குள்ளேயே நடந்தார். சுவருக்குச் சுவர் அவர் திரும்பும் காலடிச் சத்தம் மத்தியானத் தூக்கத்தில் நமக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

நம் கடைப் பையன்கள் தங்கும் அறைகளையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். நாலு பேர் படுத்தால் கால் வைக்க இடமில்லாத அறையில் பாதி நாள் அடைந்து கிடப்பவனிடம் உடற்பயிற்சி செய்யச் சொல்வது கேலி செய்வதுபோல ஆகும். பெண்களின் நிலை வேறு. வேலைக்காரம்மா நின்றுபோனதால் பாத்திரம், துணி, மூன்று வேளைச் சமையல் எல்லாம் அவர்கள் தலையில் விழுந்தது. உழைப்பு கூடியது, ஓய்வு போனது. வீட்டு வேலையும் உடலுழைப்புக் கணக்கில் சேரும் என்பது உண்மை. அதை ஆண்களும் பங்கு போட்டிருந்தால் இருவருக்கும் நன்றாயிருக்கும். நாம் போடவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலையும் வேண்டும் என்கிறது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்தது. அந்த நிபந்தனையை இதில் எடுத்துவிட்டார்கள். நம் போன்றவர்களுக்கு இது நல்ல செய்தி. குடோனுக்கு மூன்று நிமிடம் வேகமாகப் போய் வந்தாலும் வரவு வைக்கலாம். ஆர்டர் போன் வந்தால் நின்றுகொண்டே பேசலாம். மிளகாய் மூட்டை எத்தனை இருக்கிறது என்று பையனைக் கேட்பதற்குப் பதில் நாமே எழுந்து போய் எண்ணலாம். சரக்கும் சரியாக இருக்கும்.

ஆனால் ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு உள்ளவர்கள் தம் பிடித்து மூட்டை தூக்கக் கூடாது. கொரோனா வந்து எழுந்தவர்களும் மறுநாளே பழைய வேகத்துக்குப் போக முயன்றால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். டாக்டரைக் கேட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். முகக்கவசத்தோடு மாடிப்படி ஏறினால் சிரமம்தான். சமதரையில் மெல்ல நடக்க அது தடையில்லை.

2021 மே 24இல் மளிகைக் கடையையும் சேர்த்து அடைத்தார்கள். மே 31 முதல் வண்டியிலும் தள்ளுவண்டியிலும் தெருவில் விற்கவும், வீட்டுக்குக் கொண்டு கொடுக்கவும் அனுமதி வந்தது. நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவர், வயது ஐம்பத்தெட்டு, மகனோடு தள்ளுவண்டி தள்ளினார். பாதி வியாபாரம்தான் ஆனது என்றார். “ஆனா அண்ணாச்சி, முழங்கால் வலி போன இடம் தெரியல” என்றும் சொன்னார். எல்லார் முழங்காலும் அப்படி இருக்காது. இருந்தாலும் அவர் சிரித்தது நினைவில் நிற்கிறது.

அந்த இரண்டாம் ஊரடங்கில் நாம் கல்லா நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டோம். மாலையில் மாடியில் அரை மணி நடந்தோம். சர்க்கரை 7.6க்கு இறங்கியது, பழைய அளவுக்கு இன்னும் வரவில்லை.

மாடிச் சாவி இப்போது படிக்கட்டு ஓரத்தில் ஓர் ஆணியில் தொங்குகிறது. ஸ்டென்ட் வைத்த அவர் தினமும் விடியற்காலையில் அதை எடுத்துக்கொண்டு போகிறார். ஏழு மணிக்கு நாம் கடைக்குக் கிளம்பும்போது அது திரும்ப ஆணியில் இருக்கும்.