ஒற்றை அறையில் ஒரு குடும்பம்

கேள்வி: விக்டோரியா காலத்து ஸ்காட்லாந்தில் பண்ணைக் கூலிக் குடும்பம் எப்படி வாழ்ந்தது?

பதில்: பெரும்பாலும் ஒன்றிரண்டு அறைகளில். 1861 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சன்னல் உள்ள அறைகளை எண்ணினார்கள். ஸ்காட்லாந்தின் வீடுகளில் சுமார் மூன்றில் ஒன்று ஒற்றை அறை வீடு! தூங்குவதற்கு அலமாரிபோல் கதவு வைத்த மரக்கட்டில். அதுவே அறையைப் பிரிக்கும் தடுப்பும்கூட. கூலியில் பெரும்பங்கு ஓட்ஸ் மாவு, உருளைக்கிழங்கு போன்ற பொருள்கள்தான்.

தென்கிழக்கு மாவட்டங்களில் நிலைமை இன்னும் மோசம். உழவன் வேலையில் சேர, வயல்வேலைக்கு ஒரு பெண்ணையும் அவனே தர வேண்டும். வளர்ந்த மகள் இல்லையென்றால் வெளிப்பெண் ஒருத்தியை அமர்த்தி, அந்தச் சின்ன வீட்டிலேயே தங்கவைத்துச் சாப்பாடும் போட வேண்டும். வீடு பண்ணைக்காரருடையது, வேலை போனால் வீடும் போச்சு. பண்ணைகளைச் செழிக்கவைத்தவர்களுக்குக் கிடைத்தது இதுதான் என்பது பெரிய அநியாயம்.