மறக்கப்பட்ட மேதை ஃபாத்திமா ஸமர்கந்திய்யா (ரஹ்)



“பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு ஃபிக்ஹு எதுக்கு ஹஜ்ரத்? தொழுகைக்கு வேண்டிய சூரா தெரிஞ்சாப் போதாதா?” மகளை ஆலிமா வகுப்பிலிருந்து பாதியில் நிறுத்த வந்த ஒரு தகப்பனார் கேட்டார். நல்ல மனிதர், ஐவேளைத் தொழுகையாளி. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஹனஃபி மத்ஹபில் சிக்கலான மஸ்அலா வந்தால் ஆலிம்கள் புரட்டும் கிதாப்களில் ஒன்று ‘பதாயிஉஸ் ஸனாயிஃ’. எழுதியவர் இமாம் காஸானீ (ரஹ்). அந்தக் கிதாப் ஒரு பெண்ணுக்கு மஹராக அமைந்தது என்று மதரஸாவில் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண் யார் என்று அன்று நான் கேட்கவில்லை.

அவர்தான் ஃபாத்திமா, இமாம் அலாவுத்தீன் ஸமர்கந்தீ (ரஹ்) அவர்களின் மகள். தந்தையின் ‘துஹ்ஃபதுல் ஃபுகஹா’வை மனனம் செய்தவர். ரூம் தேசத்து அரசர்கள் பெண் கேட்டும் தந்தை கொடுக்கவில்லை. மாணவர் காஸானீ துஹ்ஃபாவுக்கு விரிவுரையாக பதாயிஃ எழுதிக் காட்டியபோது, அதையே மஹராக்கி மணமுடித்து வைத்தார்.

அந்த வீட்டிலிருந்து வெளியாகும் ஃபத்வாவில் தந்தையின் கையெழுத்தோடு மகளின் கையெழுத்தும் இருக்கும். திருமணத்திற்குப் பின் கணவருடையதும் சேர்ந்து மூன்றானது. காஸானீ ஃபத்வாவில் தடுமாறினால் மனைவி திருத்துவார், தவறு எங்கே என்று காரணமும் சொல்வார். கணவர் தம் கருத்தை விட்டுவிட்டு அவருடைய கருத்துக்குத் திரும்பிவிடுவார். பதாயிஃ எழுதிய இமாம் அன்பர்களே! நாமோ வீட்டில் உப்பு, புளி விஷயத்தில் மட்டும்தான் மனைவியிடம் கருத்துக் கேட்கிறோம்.

பிறகு இருவரும் ஷாம் தேசத்தின் ஹலப் நகரில் குடியேறினார்கள். அங்கே ஹலாவிய்யா மதரஸாவில் காஸானீ பாடம் நடத்தினார். ரமளானில் அங்குள்ள ஃபுகஹாக்களுக்கு நோன்பு திறக்க உணவளிக்கும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் ஃபாத்திமாதான். பணம் எங்கிருந்து வந்தது? கையில் கிடந்த இரண்டு காப்புகளைக் கழற்றி விற்றார்.

இவ்வளவு பெரிய மேதையை ஏன் மறந்தோம்? கிதாபின் அட்டையில் பெயர் இருப்பவரை நினைவில் வைப்பது நம் பழக்கம். அந்தக் கிதாபை எழுதியவரையே திருத்தியவருக்கு அட்டையில் இடமில்லை.

காஸானீ மறக்கவில்லை. மனைவி வஃபாத்தான பின், ஒவ்வொரு வெள்ளி இரவும் அவருடைய கப்ருக்குச் சென்று வந்தார். ஹிஜ்ரி 587-ல் அவரும் வஃபாத்தானபோது மனைவியின் பக்கத்திலேயே அடக்கப்பட்டார். ஹலப் மக்கள் அந்த இடத்தை இமாமின் பெயரால் அழைக்கவில்லை. “அந்தப் பெண்மணியும் அவருடைய கணவரும்” அடங்கிய கப்ரு என்றே சொல்லி வந்தார்கள்.