கையைக் கடிக்காத கத்தி

பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பையில் பாக்குவெட்டி, சுண்ணாம்பு டப்பி, ஊக்கு, சில்லறை எல்லாமே இருக்கும். நம் கைப்பையில் போன் இருக்கிறது, சார்ஜர் இருக்கிறது. கூரியர் பார்சலைப் பிரிக்க மட்டும் பல்லைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது! ஒரு சின்ன மடக்குக் கத்தியும் கூடவே நாலைந்து சில்லறைச் சாமான்களும் பையில் இருந்தால் எவ்வளவோ அலைச்சல் மிச்சம். அதிகம் செலவழிக்காமல் அவற்றைப் பார்த்து வாங்குவது எப்படி, வைத்துக் காப்பாற்றுவது எப்படி என்று நமக்குள் பேசிக்கொள்ளலாம், வாங்க.

1. கத்தி வாங்கும் முன், வெளியில் போகும்போது உங்களுக்கு எதையெல்லாம் வெட்ட வேண்டி வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். பார்சல் டேப், பிஸ்கட் பாக்கெட், புதுத்துணியின் விலைச்சீட்டு, ரயிலில் ஒரு கொய்யாப்பழம். பெரும்பாலும் இவ்வளவுதான் தேறும். இதற்கு ஆள்காட்டி விரல் நீளத்தில் பிளேடு இருந்தால் தாராளம். அதைவிடப் பெரிதாக வாங்கினால் பை கனக்கிறது என்று எடுத்து அலமாரியில் போட்டுவிடுவீர்கள்.

2. "கத்தி வைத்திருந்தால் போலீஸ் பிடிக்குமோ?" என்று பயப்படுகிறவர்களுக்கு: ஆயுத விதிகள் கணக்கில் எடுப்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள பிளேடுகளைத்தான். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. சில மாநிலங்களில் இதைவிடக் கடுமையான உத்தரவுகள் இருப்பதால், வெளிமாநிலப் பயணத்தில் பழம் நறுக்கும் ரகத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

3. சினிமா வில்லன் பட்டனை அமுக்கியதும் ‘டக்’கென்று விரியுமே, அந்த ரகம் வேண்டவே வேண்டாம். பைக்குள் எதிலாவது பட்டு அதுவாகத் திறந்துகொண்டால் விரலைக் கிழிக்கும். நகத்தால் இழுத்துத் திறக்கும் சாதாரண மடக்குக் கத்தியே நமக்குப் போதும்.

4. கடைக்காரர் முன்னாலேயே மூன்று சோதனை செய்துவிடுங்கள். பிளேடை முழுக்கத் திறந்து, முதுகுப் பக்கம் பிடித்து இடம் வலமாக ஆட்டுங்கள். லொடலொடவென்று ஆடினால் கீழே வைத்துவிடலாம். பிறகு மூடி, பிடியின் மேல் ஒரு கைக்குட்டையை இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் பிளேடின் முனை வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அது நாளைக்கு உங்கள் விரலிலும் மாட்டும். கடைசியாக, திறக்கும்போதும் மூடும்போதும் பிளேடு நடுவழியில் தொளதொளவென்று விழாமல் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டும். விலை நூறோ ஆயிரமோ, இந்த மூன்றிலும் தேறினால்தான் பர்ஸைத் திறக்க வேண்டும்.

5. கத்தரி, ரம்பம், ஸ்பூன், முள்கரண்டி, பாட்டில் திறப்பான் என்று கல்யாணப் பந்தி மாதிரி வரிசை கட்டி, இருநூறு ரூபாய்க்குத் தருகிறேன் என்றால் மயங்காதீர்கள். அந்த விலைக்குள் அத்தனையும் செய்ய வேண்டுமென்றால் எஃகிலும் ஆணியிலும்தான் கை வைப்பார்கள். அதே காசுக்கு ஒரே ஒரு பிளேடு உள்ள கத்தி வாங்கினால் உருப்படியானது கிடைக்கும்.

6. ரொம்பச் சிக்கனமாக வேண்டுமா? குட்டி பிளேடு மடக்கி வைத்த நகவெட்டி போதும். நகம் வெட்டும், டேப் கிழிக்கும், சாவிக்கொத்திலும் தொங்கும். நெம்புகோலை அமுக்கும்போது இரண்டு வாயும் இடைவெளி இல்லாமல் ஒன்றாகச் சேர்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள்.

7. கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம் என்பவர்கள் விக்டோரினாக்ஸ் கிளாசிக் பார்க்கலாம். கார்ல் எல்செனர் 1884-இல் சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் தொடங்கிய பட்டறையின் வழி வந்தது. 1891-இலேயே அந்த நாட்டு ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தவர்கள். மூடினால் 58 மில்லிமீட்டர்தான், ஆனால் அதில் இருக்கும் குட்டிக் கத்தரிக்கோலுக்கே கொடுத்த காசு சரியாகிவிடும். போலிகள் நிறைய உலவுவதால், பிளேடின் அடிப்பகுதியில் பெயர் தெளிவாகப் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

8. கார்பன் ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ்ஸா என்று கேட்டால், பைக்கு ஸ்டெயின்லெஸ்தான். கார்பன் ஸ்டீல் சீக்கிரம் தீட்டவரும், கூர்மையும் பிரமாதமாக இருக்கும். ஆனால் மாங்காய் பட்டதும் கறுத்துப்போகும், ஈரம் பட்டால் துரு ஏறும், நம் பழைய இரும்பு அரிவாள்மனையில் பார்த்ததுதானே! கடலோர ஊர்க்காரர்கள் இரண்டாவது யோசனையே செய்ய வேண்டாம்.

9. மரப்பிடிக் கத்தி கைக்கு இதம்தான். மழையில் நனைந்தால் மரம் ஊறி, பிளேடு திறக்க மறுக்கும். வெயிலில் போடாமல் நிழலில் காயவிட்டால் தானாகச் சரியாகிவிடும். வெயிலில் வைத்தால் பிடி வெடிக்கும்.

10. பூட்டு வைத்த மடக்குக் கத்தி என்றால், அதை மூடும் விதத்தைக் கடையிலேயே நாலு தடவை பழகிவிடுங்கள். பூட்டை விடுவிக்கும் கட்டைவிரல், பிளேடு வந்து விழும் பாதையிலிருந்து விலகிய பிறகுதான் முழுதாக மூட வேண்டும். பூட்டு இல்லாத கத்தியால் குத்துகிற வேலை கூடாது. மடங்கி விரலில் விழும்.

11. நிறைய பார்சல் வரும் வீடா? மடக்குக் கத்தியைக் கெடுக்காமல், ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் உடைத்து உடைத்துப் பயன்படுத்தும் கட்டர் ஒன்றை வாசல் ஆணியில் தொங்கவிடுங்கள். ஜப்பானில் யோஷியோ ஒகாடா என்பவர் 1956-இல் யோசித்துச் செய்தது இது. சாக்லேட் பாளத்தைக் கோடு கோடாக உடைப்பதைப் பார்த்து வந்த யோசனையாம்! முனை மழுங்கினால் ஒரு துண்டை உடைத்தால் போதும், தீட்டும் வேலையே இல்லை.

12. உடைத்த பிளேடுத் துண்டுகளை அப்படியே குப்பையில் போடாதீர்கள், குப்பை பிரிப்பவரின் கை கிழியும். மூடியுள்ள பழைய மாத்திரை டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் டேப் சுற்றி ‘பிளேடு’ என்று எழுதிக் கொடுங்கள்.

13. தீட்டுக்கல் வாங்க வேண்டாம். பீங்கான் காபிக் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பு இல்லாத சொரசொர வளையம் இருக்குமே, அதில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பத்துத் தடவை மெதுவாக இழுத்தால் குட்டிக் கத்திக்குப் போதுமான கூர் வந்துவிடும். பிளேடை எவ்வளவு சாய்ப்பது என்று குழப்பமா? செங்குத்தாக நிறுத்துங்கள், அதில் பாதி சாயுங்கள், அதிலும் பாதி சாயுங்கள். ஏறக்குறைய இருபது டிகிரி வந்துவிடும். கூர் பார்க்கக் கட்டைவிரலைத் தேய்க்காமல், பழைய செய்தித்தாளின் ஓரத்தை வெட்டிப் பாருங்கள்.

14. தெருவில் வரும் சாணை பிடிப்பவரிடம் அரிவாள்மனையும் பெரிய கத்தியும் கொடுங்கள், குட்டிக் கத்தி வேண்டாம். வேகமாகச் சுற்றும் கல்லில் மெல்லிய பிளேடு சட்டென்று சூடாகி, எஃகின் கடினம் போய்விடும். பாதி பிளேடும் தேய்ந்துவிடும்.

15. எலுமிச்சையோ மாங்காயோ நறுக்கினால் உடனே கழுவித் துடைத்துவிடுங்கள். ஸ்டெயின்லெஸ்ஸும் புளிப்பில் ஊறினால் புள்ளி விழும். டேப் வெட்டி ஒட்டிய பிசுக்கு, பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் வழித்துக்கொண்டு வரும். ஆனால் மடக்கும் மூட்டில் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாளானால் பிசின் கட்டும். அங்கே தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, வழிவதைத் துடைத்துவிடுங்கள்.

16. மூட்டு இறுகிவிட்டதா? முக்கால்வாசி காரணம் பையின் பஞ்சும் பிஸ்கட் தூளும்தான். பல்குச்சியால் நோண்டி எடுத்து, சோப்புத் தண்ணீரில் நாலு தடவை திறந்து மூடி, நன்றாக உலர்த்துங்கள்.

17. கத்தி முனையால் ஸ்க்ரூ கழற்றுவது, டப்பா மூடி நெம்புவது இரண்டும் முனையை உடைக்கும் வழிகள். கடிகாரத்தின் பேட்டரி மூடிக்கு ஒரு ரூபாய் நாணயம் போதும். இறுகிய டப்பா மூடிக்கு ஸ்பூனின் பின்பக்கம்.

18. கறுப்புக் கத்தி கறுப்புப் பைக்குள் போனால் கண்டுபிடிக்கவே பத்து நிமிடம். வளையத்தில் சிவப்போ மஞ்சளோ கம்பளி நூல் கட்டித் தொங்கவிடுங்கள். பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் கத்தி, பேனா, டார்ச் மூன்றையும் போட்டுவிட்டால் துழாவும் வேலையே இல்லை.

19. விமானப் பயணத்தில் ஒரு கணக்கை மறக்காதீர்கள்: கத்தி, கவுன்டரில் ஒப்படைக்கும் பெட்டியில், பவர் பேங்க், கையோடு வரும் பையில். மாற்றி வைத்தால் இரண்டுமே பிரச்சினை. மெட்ரோ, நீதிமன்றம் மாதிரி பையைச் சோதிக்கும் இடங்களுக்குப் போகும் நாளில் கத்தியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வாசலில் வாங்கி வைத்ததைத் திரும்பப் பெறுவது பெரும் அலைச்சல்.

20. போனில் டார்ச் இருக்கிறதே என்பீர்கள். கரன்ட் போன புயல் ராத்திரியில் அந்த சார்ஜ்தான் பொன்னாக இருக்கும்! டி.வி. ரிமோட்டில் போடும் சின்ன பேட்டரியில் எரியும் விரல் அளவு எல்.இ.டி. டார்ச் ஒன்று வாங்குங்கள். பேட்டரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். வெளிச்சத்தைக் குறைத்து வைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், படிக்கட்டுக்கு மங்கலே போதும்.

21. அடிக்கடி எரிக்காத டார்ச்சில் பேட்டரியைத் தலைகீழாகப் போட்டு வையுங்கள். பைக்குள் சுவிட்ச் அழுந்தினாலும் எரிந்து தீராது. ஆல்கலைன் பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால், அதை எடுத்துவிட்டு, காது பட்ஸில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பல டார்ச்சுகள் பிழைத்துவிடும்.

22. பவர் பேங்கில் 10,000 எம்.ஏ.ஹெச். என்று போட்டிருந்தாலும் போனுக்கு வந்து சேர்வது மூன்றில் இரண்டு பங்குதான். ஏமாற்று இல்லை, மின்னழுத்தம் மாறுவதில் போகிற சேதாரம். அந்தக் கணக்கில் பார்த்து வாங்குங்கள். பி.ஐ.எஸ். பதிவு எண் இல்லாத மலிவு சரக்கைத் தொடவே வேண்டாம், தீப்பிடிக்கும் சாமான் அது.

23. பத்து ரூபாய்க்குள் அதிகம் உழைப்பது ஊக்குதான். பையின் உள்தையலில் பெரிதும் சிறிதுமாக நாலைந்து குத்தி வையுங்கள். ரப்பர் செருப்பின் வார் பிய்த்துக்கொண்டால், வாரை ஓட்டைக்குள் இழுத்து அடியில் குமிழுக்கு மேலே ஊக்கைக் குறுக்கே மாட்டுங்கள். வீடு வரை வந்துவிடலாம். புடவை மடிப்பு, போன ஜிப், பை வார் எதுவானாலும் அப்போதைக்குக் காப்பாற்றும்.

24. மாத்திரை அட்டையைக் கத்தரித்து எடுத்துப் போகும்போது, காலாவதித் தேதி அச்சான துண்டையே பையில் வையுங்கள். தேதி இல்லாத மாத்திரை வெள்ளைப் பொட்டுதான், எதற்கு என்றே ஞாபகம் இருக்காது.

25. வெயில் காலத்தில் ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பையில் இருக்கட்டும். பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. கண்ணளவில் கொஞ்சம் கொட்டி டம்ளரில் கலக்காமல், லிட்டர் பாட்டிலில் முழுசாகக் கலந்து, 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

26. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் கேரி பேக் தடை. துணிப்பைக்காகக் கடையில் தனியாகக் காசு கொடுப்பானேன்? கிழிந்த காட்டன் புடவையில் தைத்த பையை உள்ளங்கை அளவு மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பேண்டும் வேறு வேலைக்கு ஆகும்.

27. ஒரே மாதிரி சாவிகளின் தலையில் வேறு வேறு நிற நகப்பூச்சு. இருட்டில் தடவி அறிய ஒன்றில் மட்டும் இரண்டு பொட்டு தடிமனாக. சாவிக்கொத்தில் வீட்டு முகவரியை மட்டும் எழுதித் தொங்கவிடாதீர்கள். போன் எண் போதும்.

28. குடை வாங்கும்போது மடிப்பு குறைந்ததாகப் பாருங்கள்: மூட்டு குறைய, உடைவதும் குறையும்.

29. மாதம் ஒருமுறை பையைப் பாயில் கொட்டுங்கள். மூன்று மாதமாகத் தொடாத சாமானை வெளியே எடுத்துவிடலாம். டார்ச், ஊக்கு, பேண்டேஜ் மூன்றுக்கு மட்டும் இந்தச் சட்டம் கிடையாது. பில்களில் மை மறைந்துபோகும் வழவழ காகிதத்தை அப்போதே போனில் படம் பிடித்துக்கொண்டால், உத்தரவாதச் சண்டையில் கைகொடுக்கும்.

30. மொத்தமாக முந்நூறு ரூபாய்தான் இருக்கிறதென்றால் என் ஓட்டு இப்படி: கத்தி வைத்த நகவெட்டி, குட்டி டார்ச், ஒரு அட்டை ஊக்கு. மீதியெல்லாம் வீட்டில் இருப்பதை வைத்தே தேற்றிவிடலாம். உங்கள் கைப்பையில் இதைவிட மலிவான தந்திரம் ஏதாவது ஒளிந்திருந்தால், பக்கத்து வீட்டுக்கும் சொல்லிக்கொடுங்கள், எங்களுக்கும் எழுதுங்கள்.